பழைய டிப்பர் லாரி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கோடையில் ஏரி, குளங்கள் வற்றியதும் வண்டல் மண் எடுக்கும் வேலை தொடங்கிவிடும். அப்போது டிப்பர் லாரி கேட்ட நாளில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் லாரிக்காரர் சொல்வதே நடை வாடகை. ஆடிப் பட்டத்துக்கு முன் தொழு உரம் அடிக்கும் நேரத்திலும் இதே நெருக்கடிதான். ஆகவே, பழைய டிப்பர் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் சிறு விவசாயிகள் பலருக்கு எழுகிறது. வீட்டு நகையை அடகு வைத்தும், கறவை மாட்டை விற்றும் வாங்குவோர் உண்டு. வண்டி நல்லபடியாக அமைந்தால் பல ஆண்டு உழைக்கும். அமையாவிட்டால் வண்டி பட்டறையில் நிற்கும்; வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய டிப்பர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என்ஜின் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, விலை பேசி முடித்துவிடுகிறார்கள். என்ஜின் முக்கியம்தான். ஆனால் என்ஜின் கெட்டால் செலவு செய்து சரிசெய்துவிடலாம். சேஸ் விரிந்த வண்டியையும், தொட்டியைத் தூக்கும் பகுதி தேய்ந்துபோன வண்டியையும் முழுமையாகச் சரிசெய்வது கடினம். அவற்றால் உயிருக்கும் ஆபத்து உண்டு. எனவே டிப்பரைக் கீழிருந்து மேலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் வேலைக் கணக்கு

வண்டியைப் பார்க்கப் போகும் முன், அதற்கு எத்தனை நடை வேலை இருக்கிறது என்று கணக்குப் போடுவது அவசியம். தமிழ்நாட்டில் வேளாண் பயன்பாட்டுக்கு ஏரி, குளங்களிலிருந்து நன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர் வரை வண்டல் எடுத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. 2024ஆம் ஆண்டில் இதற்கான அனுமதியை வட்டாட்சியரே வழங்கும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. டிப்பர் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். இரண்டு யூனிட் பிடிக்கும் ஆறு சக்கர டிப்பரில் நன்செய் ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 13 நடையும், புன்செய் ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 16 நடையும் ஆகும்.

நான்கு ஏக்கர் நன்செய் உள்ள ஒருவர் முழு அளவு வண்டல் அடித்தாலும் 53 நடைதான். ஏரி பக்கத்திலேயே இருந்து, இயந்திரம் வைத்து அள்ளினால் நாளைக்கு ஆறு நடை என்று வைத்தாலும் ஒன்பது நாளில் வேலை முடிந்துவிடும். வண்டலும் ஆண்டுதோறும் அடிப்பதில்லை. தொழு உரம் பெரும்பாலான பயிர்களுக்கு எக்டருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் பரிந்துரை. நான்கு ஏக்கருக்கு 20 டன். நன்கு மக்கிய எரு இரண்டு யூனிட் சுமார் 3 டன் நிற்கும் என்பதால் ஏழு நடையில் அதுவும் தீர்ந்துவிடும். ஆக, ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு நாள் வேலைக்கு மேல் சொந்த நிலத்தில் கிடையாது.

இதிலிருந்து தெரிவது, சொந்த வேலைக்கென்று மட்டும் ஒரு சிறு விவசாயி தனியாக டிப்பர் வாங்குவது கட்டாது என்பதே. வாடகையே மலிவு. வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம் ஆகியவற்றை வாடகைக்குத் தருகிறது. ஏற்கெனவே டிராக்டர் வைத்திருப்பவர் ஹைட்ராலிக் டிரெய்லர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே போதும். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் வாங்குவது, அல்லது மற்ற நாள்களில் செங்கல், ஜல்லி, கரும்பாலைக் கழிவு என்று வாடகைக்கு ஓட்டக்கூடிய ஆள் வீட்டிலேயே இருப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் வாங்குவது பற்றி யோசிக்கலாம். கூட்டாக வாங்கினால் யார் எவ்வளவு பணம் போட்டார், யாருக்கு முதல் நடை, பழுதுச் செலவு எப்படிப் பங்கு என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. அண்ணன் தம்பிகளே ஆனாலும் இது வேண்டும்.

பெரிய வண்டியா, சிறிய வண்டியா

சிறு விவசாயிக்கு ஆறு சக்கர லாரியைவிட, 407 வகையைச் சேர்ந்த சிறிய டிப்பரே பல ஊர்களில் பொருந்தும். வரப்பு ஓரப் பாதையிலும், சிறு பாலத்திலும் அது போய்வரும். ஓட்டுநர் விஷயத்திலும் வசதி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. அதற்கு மேற்பட்ட வண்டிக்குக் கனரக உரிமம் உள்ள ஓட்டுநர் வேண்டும். உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டையும் உரிமையாளரிடமே திரும்பக் கேட்கும் நிலை வரும். நிலத்தை விற்றும் அடைக்க முடியாத தொகையாக அது இருக்கக்கூடும்.

எந்த ஆண்டு வண்டி என்பதும் முக்கியம். நாடு முழுவதும் பி.எஸ்.4 விதி 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் சாதாரண டீசல் பம்பும் நாசிலும் இருக்கும். அருகிலுள்ள நகரத்துப் பம்ப் பட்டறையிலேயே அவற்றைப் பிரித்துச் சரிசெய்துவிடுவார்கள். பிந்தைய வண்டிகளில் எரிபொருள் செலுத்துவது மின்னணு முறையில் நடக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கவே தனிக் கருவி தேவை. உள்ளூர் மெக்கானிக்கால் எதைப் பார்க்க முடியும் என்று கேட்டுக்கொண்டு வண்டியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

சேஸ் பரிசோதனை

வண்டியை மழை நாளிலோ, மாலை மங்கலிலோ பார்க்கக் கூடாது. காலை வெயிலில், தொட்டி காலியாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்னால் பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சாய்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கலாம். சேஸ் முறுக்கிக்கொண்டும் இருக்கலாம். பட்டையை மாற்றிவிடலாம். சேஸ் முறுக்கு போகாது.

டிப்பர் சேஸில் விரிசல் விழும் இடங்கள் ஏறக்குறைய தெரிந்தவையே. கேபினுக்குப் பின்னால் ஜாக்கி அமர்ந்திருக்கும் குறுக்குச் சட்டம், பின் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றிய இடம், தொட்டியின் கீல் ஊசி பொருந்தியுள்ள பின் முனை ஆகிய மூன்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். சந்தேகமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் அல்லது டீசலைத் தடவிச் சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் மெல்லிய ஈரக் கோடாகத் தெரியும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யவிடாமல் விற்பவர் தடுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

சேஸ் மீது இரும்புப் பட்டி வைத்து வெல்டிங் செய்திருப்பது கண்டிப்பாகக் குறை என்று சொல்வதற்கில்லை. தொழிற்சாலையிலிருந்தே உள்பட்டையோடு வரும் வண்டிகளும் உண்டு. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பட்டி இருந்தாலும், வெல்டிங் கோடு சேஸின் கீழ் விளிம்பைக் குறுக்காகக் கடந்து சென்றாலும் அது உடைந்து ஒட்டியது என்றே கொள்ள வேண்டும். சேஸ் மட்டும் புதுப் பெயின்டில் பளபளக்கிறது என்றால் இரட்டைக் கவனம் தேவை. சேஸ் எண் பொறித்த இடத்தையும் அப்போதே துடைத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தூக்கும் பகுதி

காலித் தொட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜாக்கி நன்றாக வேலை செய்கிறது என்பார்கள். காலித் தொட்டியைத் தேய்ந்த பம்பும் தூக்கும். பாரம் ஏற்றிய பிறகே குறை தெரியும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், மண் ஏற்றித் தூக்கிப் பார்க்கக் கேட்க வேண்டும். திணறாமல், ஒரே சீராக ஏறவேண்டும். குலுங்கிக் குலுங்கி ஏறினால் எண்ணெய் குறைவாக இருக்கலாம், எண்ணெயில் காற்று கலந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். அடுத்துப் பாதி உயரத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். தொட்டி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் உள்ளே சீலோ வால்வோ கசிகிறது.

ஜாக்கியின் தண்டு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். நீளவாக்கில் கீறலோ துருப் புள்ளியோ இருந்தால் புது சீல் போட்டாலும் சில நடைகளில் கிழிந்துவிடும். கீல் ஊசியில் தொட்டி இடம் வலமாக ஆடினால், மேலே தூக்கியபோது பாரம் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையே கவிழ்க்கும். ஊசியும் புஷ்ஷும் மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

என்ஜினைப் பார்க்கும் முறை

டிப்பர் என்ஜினுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். மண் அள்ளும் இடத்தில் நிற்கும்போதும், தொட்டியைத் தூக்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், மீட்டர் நகராது. குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பதற்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

விற்பவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் விடியற்காலையில் போனால் நல்லது. என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட் எப்படி எடுக்கிறது என்று கவனிக்க வேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் குச்சியையும் ரேடியேட்டர் மூடியையும் பார்த்துவிட வேண்டும். ஆயில் மோர் போல் வெளுத்திருந்தாலும், ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதந்தாலும் இரண்டும் உள்ளே கலக்கின்றன என்று பொருள். என்ஜின் சூடேறியபின் நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. பாரத்தில் ஏறும்போது கரும்புகை தள்ளினால் காற்று வடிகட்டி அடைப்போ, பம்ப், நாசில் கோளாறோ இருக்கும். இது பெரும்பாலும் சிறு செலவில் முடியும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன், ரிங் தேய்மானம், இது பெருஞ்செலவு.

பிரேக், கிளட்ச், கியர் ஆகியவற்றை ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். காற்று பிரேக் உள்ள வண்டியில் அழுத்தம் முழுவதும் ஏறியபின் என்ஜினை அணைத்து, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மீட்டர் முள் முதலில் சற்று இறங்கி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் புதிதுபோல் தெரிந்தாலும், ஆண்டுகள் ஆன டயர் பாரத்தில் வெடிக்கும். பின்னால் இரட்டையில் உள்ள உள் டயரைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு; விற்பவர்களுக்கு அது தெரியும்.

காகிதங்கள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிதி நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும், அது கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவமும் இல்லாமல் அது நீங்காது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய எண்ணுள்ள படிவங்கள் தேவை. வாங்கியவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவை. அதையும் தனியே மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரையுள்ள சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை; அதற்கு மேல் ஆண்டுதோறும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு இதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்காக உயர்த்தப்பட்டது. எனவே பதினான்கு ஆண்டு ஆன வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் அடுத்த ஆண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தொட்டியின் பக்கப் பலகைகளை உயர்த்தி வெல்டிங் செய்திருந்தால் தகுதிச் சான்று கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

டிப்பருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. அனுமதியின்றி மணல், மண் கடத்தியதாகப் பிடிபட்ட வண்டிகள் சில நேரம் வழக்கு முடியும் முன்பே கைமாறுகின்றன. வண்டி மேல் வழக்கு, வரி பாக்கி, அபராத பாக்கி உண்டா என்று அலுவலகத்திலும், விற்பவர் ஊர்க் காவல் நிலையத்திலும் விசாரித்தபின் பணம் கொடுப்பது நல்லது. வாங்கியபின் வண்டல் ஏற்றும்போதும் அனுமதிச் சீட்டு வண்டியிலேயே இருக்க வேண்டும்.

விலை பேசும்போது கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கும், டயருக்கும், காப்பீட்டுக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். அப்படி ஒதுக்க முடியாதவருக்கு அந்த வண்டி பெரியது.

பாரம் ஏற்றுவதில் கவனம்

தொட்டி நிறைய எரு ஏற்றுவதும், தொட்டி நிறைய வண்டல் ஏற்றுவதும் ஒன்றல்ல. காய்ந்து உதிர்ந்த வண்டல் ஒரு கனமீட்டர் சுமார் 1.2 முதல் 1.3 டன் இருக்கும். ஏரி அடியிலிருந்து ஈரத்தோடு வரும் கட்டி வண்டல் 1.7 டன் வரை போகும். இரண்டு யூனிட் தொட்டியில் காய்ந்த வண்டல் ஏறக்குறைய 7 டன் என்றால், ஈர வண்டல் 9.5 டன்னைத் தாண்டும். கூம்பாகக் குவித்தால் இன்னும் கூடும். மொத்த எடை 16.2 டன் என்று பதிவான பழைய ஆறு சக்கர வண்டியின் வெற்று எடையே 6.5 முதல் 7 டன் வரை இருக்கும். மீதி சுமார் 9 டன்தான் பாரத்துக்கு. ஆகவே ஈர வண்டலைத் தொட்டி விளிம்புக்கு அரை அடி குறைவாகவே ஏற்ற வேண்டும்.

இரண்டு அச்சு லாரிகளின் எடை வரம்பு 2018இல் 18.5 டன்னாக உயர்த்தப்பட்டதைச் சொல்லிப் பழைய வண்டியிலும் கூடுதலாக ஏற்றச் சொல்வோர் இருக்கிறார்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள எடையே கணக்கு. அதிக பாரத்துக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒருநாள் அபராதம் பல நடை வாடகையைக் கொண்டுபோய்விடும்.

உயிர் காக்கும் மூன்று விதிகள்

முதலாவது, தூக்கிய தொட்டிக்கு அடியில் முட்டு இல்லாமல் தலையை நீட்டக் கூடாது. ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் தொட்டி ஒரே நொடியில் விழும். ஓடித் தப்ப நேரம் இராது. தொட்டியைத் தாங்கும் இரும்பு முட்டு பல பழைய வண்டிகளில் கழன்று காணாமல் போயிருக்கும். வண்டி வாங்கிய வாரமே பட்டறையில் சொல்லிப் புதிய முட்டு செய்து பொருத்த வேண்டும். கிரீஸ் வைப்பது, சீல் பார்ப்பது எதுவானாலும் தொட்டியைக் காலி செய்து, முட்டு கொடுத்த பிறகுதான். முட்டு காலித் தொட்டியைத் தாங்கவே; பாரத்தோடு சிக்கிக்கொண்ட தொட்டிக்கு அதை நம்பக் கூடாது. கருங்கல், மரக்கட்டை, ஜாக்கி எதுவும் முட்டுக்கு ஈடாகாது.

இரண்டாவது, மின்கம்பி. சாலை அல்லாத இடங்களில், வயல்வெளியில், 11 கிலோவோல்ட் வரையுள்ள திறந்த கம்பிக்கு விதிப்படி வேண்டிய குறைந்த உயரம் தரையிலிருந்து 4.6 மீட்டர். ஆறு சக்கர டிப்பரின் தொட்டியை முழுவதும் தூக்கினால் அதன் முன் விளிம்பு 5 மீட்டரை நெருங்கும். அதாவது விதிப்படி கட்டிய கம்பியையே தொட்டி தொட்டுவிடும். தொய்ந்த கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பிக்குக் கீழும், அதன் அருகிலும் மண் கொட்டக் கூடாது. கொட்டியபின் தொட்டி முழுவதும் இறங்குமுன் வண்டியை நகர்த்தவும் கூடாது. தவறிக் கம்பி பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே அசையாமல் இருக்க, மற்றவர்கள் தூரத்தில் நின்று மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, பாதங்களை ஒட்டியபடி சிறு சிறு தத்தலாக விலக வேண்டும்.

மூன்றாவது, சமதளம். வரப்பு ஓரத்திலும், தண்ணீர் பாய்ச்சிய வயலிலும் ஒரு பக்கச் சக்கரம் புதைந்தால் தூக்கிய தொட்டி வண்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்துவிடும். களிமண் கலந்த ஈர வண்டல் தொட்டியில் ஒட்டிக்கொண்டு, மேல் பகுதியிலேயே நின்றுவிடும். அதை உதிர்க்க வண்டியைப் பின்னோக்கி ஓட்டித் திடீரென்று பிரேக் போடுவது பலருடைய வழக்கம். சேஸ் விரிவதும் வண்டி கவிழ்வதும் பெரும்பாலும் இப்படித்தான். தொட்டியை இறக்கி, ஒட்டிய மண்ணை மண்வெட்டியால் தள்ளிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். ஏற்றும் முன் தொட்டியின் அடியில் சிறிது உமியோ காய்ந்த மணலோ தூவினால் ஒட்டுவது குறையும்.

பராமரிப்பு

வண்டல் அள்ளும் காலம் புழுதிக் காலம். என்ஜினைத் தேய்ப்பதில் புழுதிக்கு இணையில்லை. காற்று வடிகட்டியை மாதம் ஒரு முறை பார்த்தால் போதாது. அந்த நாள்களில் தினமும் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டியானால் அடியில் படிந்த சேற்றைக் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். வடிகட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு சிறு கிழிசல் இருந்தாலும் வடிகட்டி வைத்தும் பயனில்லை. என்ஜின் ஆயிலைக் கிலோமீட்டரை நம்பாமல், ஓடிய மணிக் கணக்கில் மாற்ற வேண்டும். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி ஓடியது, எவ்வளவு டீசல் என்று எழுதி வந்தால், டீசல் செலவு ஏறத் தொடங்கும்போதே கோளாறு தெரிந்துவிடும். கூட்டாக வைத்திருப்பவர்களுக்கு அந்த நோட்டே சண்டை வராமலும் காக்கும்.

கீல் ஊசி, ஜாக்கியின் இரு முனை, பட்டைப் பின், பிராப்ளர் ஷாஃப்ட் கிராஸ் ஆகியவற்றுக்கு வேலை நாள்களில் மூன்று நாளுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிப்பது சரியான அளவு. ஹைட்ராலிக் எண்ணெய் அளவைத் தொட்டி இறங்கியிருக்கும்போது பார்க்க வேண்டும். தூக்கியபோது பார்த்து நிரப்பினால், இறக்கும்போது வழிந்துவிடும். காற்று டேங்கின் அடியில் தேங்கும் நீரை மாலைதோறும் திறந்துவிட வேண்டும். டயர் மாற்றினால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் இடது பக்க நட்டுகளின் மரை எதிர்த் திசையில் இருக்கும். இது தெரியாமல் இளைஞர்கள் நீளக் குழாய் போட்டு முறுக்கிப் போல்ட்டையே ஒடித்துவிடுகிறார்கள்.

தொட்டியை அரிப்பதில் கோழி எரு முதலிடம் பெறும். கரும்பாலைக் கழிவும், யூரியா, பொட்டாஷ் சிந்தலும் அடுத்தவை. இவற்றை ஏற்றிய அன்றே தொட்டியின் உள் மூலைகளையும், அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். இரவு முழுவதும் ஈர எருவோடு நிறுத்தும் பழக்கம் தகட்டைத் தின்றுவிடும்.

மழைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும். அப்போது டீசல் டேங்கை நிறைத்து வைத்தால் உள்ளே நீர் படியாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவைக்கலாம். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, தொட்டியை ஒரு தடவை தூக்கி இறக்கினால் சீல்கள் காயாமல் இருக்கும். அவ்வாறு ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் அருகில் நிற்கும் வண்டியில் எலி கூடு கட்டும், ஒயரையும் கடித்துவைக்கும். வண்டியைக் களத்திலிருந்து தள்ளி, தளம் போட்ட இடத்தில், தொட்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்திப் பின் கதவைத் திறந்து வைத்தால் மழைநீர் தானே வடிந்துவிடும்.